சுருட்டு: கழுவ வேண்டாத பைப்

(எபிசோடின் பேச்சை வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் திருத்தி, உபதலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். மதுரையிலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மக்காச்சோளக் கதிரில் செஞ்ச பைப் ஒண்ணு கொண்டு வந்தார். இதை வீட்ல எப்படி சுத்தம் பண்றது, உடைஞ்சா எப்படி சரி பண்றது? அப்புறம், நம்ம ஊர்ல தாத்தாக்கள் சுருட்டு பிடிச்சாங்க, பீடி பிடிச்சாங்க, பாட்டிகள் புகையிலை போட்டாங்க. பைப் மட்டும் ஏன் யாரும் பிடிக்கலை?"

முதல் கேள்விக்கு அஞ்சு நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். ரெண்டாவது கேள்விக்கு நானூறு வருஷம் பின்னால போகணும். இன்னைக்கு ரெண்டையும் பார்க்கலாம், ஏன்னா ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் முடியுது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடுறேன். புகையிலை உலகம் முழுக்க வருஷத்துக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்லுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இது புகை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் எபிசோட் இல்லை. ஒரு பொருளுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கு என்று கேட்கும் எபிசோட்.

ஒரு பைப் கேட்கும் வேலை

மக்காச்சோளக் கதிர் பைப் ரொம்ப எளிமையான பொருள். முத்து உதிர்த்த கதிரின் சக்கையைக் காயவைத்து, குறுக்கே வெட்டி, நடுவில் குடைந்தால் ஒரு கிண்ணம். பக்கவாட்டில் ஒரு துளை போட்டு மரத்தண்டு செருகி, அதன் முனையில் வாய்க்குழல் மாட்டினால் பைப் ரெடி.

ஆனா அதை வைத்திருப்பவருக்கு வேலை ஓயாது. ஒவ்வொரு தடவையும் பிடித்த பிறகு சாம்பலைத் தட்டணும். கிண்ணம் ஆறும் வரைக்கும் வாய்க்குழலைக் கழற்றக் கூடாது. சூட்டில் விரிந்திருக்கும் தண்டைத் திருகினால் விரிசல் விழும். ஆறிய பிறகு பஞ்சு சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு, சேர்ந்த தாரையும் ஈரத்தையும் எடுக்கணும். கிண்ணத்தின் உள்சுவரில் கரி படியும். மெல்லிசாக இருந்தால் அது கிண்ணத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றும். தடிமனானால் சுரண்டி எடுக்கணும். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது, கதிர் உப்பிப் போயிடும். ஒரு தடவை பயன்படுத்தினால் ஒரு நாளாவது காயவிடணும். வாய்க்குழல் லூசானால் கொஞ்சம் தேன்மெழுகு தடவி இறுக்குவாங்க.

பெரிய ரிப்பேர் என்றால், கிண்ணத்தின் அடிப்பகுதி கருகி மெலிந்து போவதுதான். அதற்கு பைப் பிடிப்பவர்கள் மத்தியில் ஒரு பழைய வைத்தியம் இருக்கு. சுருட்டுச் சாம்பலை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிம்பு மாதிரி குழைத்து, அடியில் பூசி, நல்லா காயவிடுவது. இதை அவங்க "பைப் மட்", அதாவது பைப் சேறு என்று சொல்வாங்க. காய்ந்த பிறகு சின்ன அடுப்புக்கு மண் பூசின மாதிரி இறுகிடும்.

கவனிச்சீங்களா? பைப்பைச் சரி செய்ய சுருட்டு தேவைப்படுது. சுருட்டைச் சரி செய்ய எதுவுமே தேவைப்படுவதில்லை. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க.

மக்காச்சோளம் லேட்டா வந்தது

இந்தப் பைப்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருக்கும் வாஷிங்டன் என்ற சின்ன ஊர். ஹென்றி டிப்பி என்ற டச்சுக் குடியேறி அங்கே மரக்கடைசல் தொழில் செய்துகொண்டிருந்தார். 1869-ல் கதிர் பைப்புகளைக் கடைந்து விற்க ஆரம்பித்தார். கதிரின் மேற்பக்கக் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி உறுதியாக்கும் முறைக்கு 1878-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கம்பெனி இன்னும் அதே ஊரில் ஓடுது. பைப்புக்காகவே தடித்த சக்கை உள்ள தனி மக்காச்சோள ரகம் பயிரிடுறாங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. திண்டுக்கல், விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போனீங்கன்னா ரெண்டு பக்கமும் மக்காச்சோளம் நிக்கும். அப்புறம் ஏன் இங்கே கதிர் பைப் வரலை? முதல் காரணம், இந்த மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போவது. நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகள் பெருகின பிறகுதான் இந்த வயல்களும் பெருகின. முத்து நிறைய வரணும் என்பதுதான் விதையின் குறிக்கோள். சக்கை எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு லாபம். அதைக் குடைந்தால் கிண்ணம் மிஞ்சாது. ரெண்டாவது காரணம், நம்ம சமவெளியின் பழைய பயிர்கள் கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி. மக்காச்சோளம் இங்கே பெரிய பயிராக ஆவதற்கு முன்னாலேயே புகையிலை வந்து ஊறிப்போயிருந்தது.

மக்காச்சோளம், புகையிலை, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயும் புகையிலையும் காட்டிய வேகத்தை மக்காச்சோளம் காட்டலை.

புகை இலையும் சுருட்டும்

புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1604-05 வாக்கில் ஆசாத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் நகை பதித்த பைப்பையும் கொண்டு போய் அக்பர் முன்னால் வைத்தார். அரண்மனை வைத்தியர்கள் வேண்டாம் என்றார்கள். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகையிலைக்குத் தடையே போட்டார். தடை எவ்வளவு வேலை செய்ததுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, வடக்கே பெரிய இடங்களில் புகையிலை குழாயோடுதான் நுழைந்தது. பிறகு உக்கா வந்தது. உக்கா ஒரு பெரிய மெஷின். தண்ணீர் மாத்தணும், நெருப்பு வைக்கணும், நீளமான குழாயைக் கழுவணும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இதுக்குன்னே ஒரு வேலைக்காரரை வைத்திருந்தாங்க. அவருக்குப் பேரு உக்காபர்தார். இன்னைய ஐடி பாஷையில் சொன்னா, ஒரு சர்வருக்கு ஒரு முழுநேர அட்மின்.

மதுரைச் சீமையில் ஒரு சம்சாரி அப்படி ஆள் வைத்துக்கொள்ள முடியுமா? தமிழில் பைப்புக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. "சுங்கான்" என்ற சொல் அகராதியில் இருக்கு, இலங்கைத் தமிழர்களுக்கு அது ரொம்பப் பரிச்சயம். ஆனா நம்ம சமவெளியில் ஜெயித்தது வேறொரு டிசைன். இலையையே குழாயாகச் சுருட்டி, அந்தக் குழாய்க்குள்ளேயே இலையை வைத்து, பற்றவைத்து, மொத்தத்தையும் எரித்துவிடுவது. செய்த வேலையே அதுக்குப் பெயராச்சு: சுருட்டு. அந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் "செரூட்" ஆனது. 1886-ல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சனும் அப்படித்தான் சொல்லுது.

சாப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். பைப் என்பது வருஷக்கணக்கா ஓடுற பழைய சர்வர். பேட்ச் போடணும், லாக் துடைக்கணும், சூடேறாமல் பார்த்துக்கணும். சுருட்டு ஒரு கண்டெய்னர் மாதிரி. ஒரு வேலைக்காக எழும்பும், வேலை முடிஞ்சதும் காணாமப் போகும். துடைப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

கிராமத்துச் சாமிகளும் இந்த டிசைனை ஏற்றுக்கொண்டாங்க. மதுரையைச் சுற்றியுள்ள கருப்பசாமி, முனியாண்டி கோயில்களில் படையலில் சுருட்டு வைப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆதியிலிருந்து வந்த வழக்கம் மாதிரித் தோணும். ஆனா புகையிலை இந்த மண்ணுக்கு வந்தே நானூறு வருஷம் சொச்சம்தான். சாமி பழசு, சுருட்டு புதுசு.

திண்டுக்கல் இலை, திருச்சி பெயர்

திண்டுக்கல் 1985 வரைக்கும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துச் சிவப்பு மண்ணில், கிணத்துத் தண்ணியில் விளைந்த புகையிலைக்கு 19-ம் நூற்றாண்டில் உலகப் பெயர் கிடைத்தது. ஆனா பெயர் திண்டுக்கல் பெயரில் போகலை. இலை இங்கே விளைந்தது, திருச்சி உறையூரில் சுருட்டினார்கள், லண்டனில் அது "டிரிச்சினாப்பள்ளி" ஆனது. 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. இலையும் சுருட்டும் இன்னும் வேகமாக நகர்ந்தன.

1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. அதில் ஹோம்ஸ் கொலை நடந்த இடத்துத் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் டிரிச்சினாப்பள்ளி சுருட்டு பிடிப்பவன் என்று சொல்லிவிடுவார். சுருட்டு விட்டுப்போகும் ஒரே சாட்சி சாம்பல்தான்.

இதுக்கு நேர் எதிராக 1893-ல் வந்த 'தி யெல்லோ ஃபேஸ்' சிறுகதையில் ஒரு பைப் வரும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பைப். ரெண்டு இடத்தில் உடைந்து, ரெண்டு தடவையும் வெள்ளிப் பட்டை போட்டு ஒட்டவைத்தது. ரிப்பேர் செலவு புது பைப்பின் விலையைவிட அதிகம். அப்படியும் புதுசு வாங்காமல் சரி செய்திருக்கிறான் என்றால், இதை அவன் எவ்வளவு நேசிக்கிறான் என்று ஹோம்ஸ் கணக்குப் போடுவார். பைப் தன் முதலாளியின் வாழ்க்கையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கு. சுருட்டு தன்னைச் சுருட்டினவரைப் பற்றி ஒரு வரிகூட விட்டு வைப்பதில்லை.

கொஞ்ச நாளில் திண்டுக்கல்லும் தன் பெயரிலேயே வெளியே போனது. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் பைப் கடை வைத்திருந்த ப்யூலே கம்பெனி, "ஃபிளோர் டி திண்டுக்கல்" என்ற சுருட்டை ஆங்கிலப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. 1863-ல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனி, ஆமாங்க, அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவின் அதே ஸ்பென்சர்தான், திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

சர்ச்சில் நம்ம ஊர் சுருட்டுதான் பிடிச்சார் என்ற கதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதை இன்னைக்கு விட்டுடலாம். பிடிச்சவர் கதை நிறைய பேர் சொல்லிட்டாங்க. நமக்குச் சுருட்டினவர் கதை வேணும்.

அம்பாரத்தின் சூடு

சுருட்டுக்கு மெயின்டெனன்ஸ் கிடையாதுன்னு சொன்னேன் இல்லையா? அது பிடிப்பவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது. அவர் கைக்கு வருவதற்கு முன்னால் என்ன நடக்குதுன்னு பாருங்க.

புகையிலைச் செடியில் பூ வந்தால் கொழுந்தைக் கிள்ளணும், இல்லைன்னா சத்து பூவுக்குப் போயிடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் முளைக்கும். அதையும் ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டே இருக்கணும். இலையில் இருக்கும் பிசின் கையில் கறுப்பாக ஒட்டும். ஈர இலையைத் தொட்டு வேலை செய்தால் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வாந்தி, தலைசுற்றல் வரும். உலகம் முழுக்கப் புகையிலை வயல்களில் வேலை செய்பவர்களுக்கு வரும் நோய் இது. ஒரு பீடிகூடப் பிடிக்காதவருக்கும் வரும்.

அறுத்த பிறகு வெயிலில் வாட்டி, தொங்கவிட்டு, பிறகு அம்பாரமாக அடுக்குவார்கள். அம்பாரத்துக்குள் இலை புளிக்கும். நெருப்பு வைக்காமலே உள்ளே சூடு ஏறும். அந்தச் சூடுதான் காரத்தையும் பச்சை வாடையையும் குறைத்து மணத்தைக் கொண்டு வருவது. ஆனா சூடு அளவு மீறினால் இலை கருகிப் பாழாகும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மாற்றி அடுக்கணும். மெல்லும் புகையிலை என்றால் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதும் உண்டு.

இலையின் குணம் மண்ணிலும் தண்ணியிலும் தொடங்குது. உப்புத் தண்ணி பாய்ந்து இலையில் குளோரைடு ஏறினால் சுருட்டு நின்று எரியாது, அணைந்து அணைந்து போகும். இதையெல்லாம் ஆராய்வதற்காகவே திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் 1948-ல் ஒரு புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

இப்ப இந்தப் பட்டியலைப் பைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. காயவிடுவது, சூட்டைப் பார்த்துக்கொள்வது, ஈரத்தைப் பார்த்துக்கொள்வது, பிசினைத் துடைப்பது. எல்லா வேலையும் அப்படியே இருக்கு. பிடிப்பவரிடமிருந்து விளைவிப்பவருக்கும் பதப்படுத்துபவருக்கும் கை மாறியிருக்கு, அவ்வளவுதான்.

பட்டறை வீட்டுக்குள் வந்தது

கடைசி வேலை சுருட்டுவது. 20-ம் நூற்றாண்டில் சுருட்டின் இடத்தை மெல்ல மெல்லப் பீடி பிடித்தது. விலை குறைவு, அளவு சின்னது. மேலே சுற்றுவது மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் தெந்து இலை, உள்ளே புகையிலைத் தூள். இதுவும் கழுவ வேண்டாத பைப்தான்.

1929-ல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன், இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி 1931-ல் அறிக்கை கொடுத்தது. மெட்ராஸ் மாகாணத்துப் பீடிப் பட்டறைகளில் ரொம்பச் சின்னக் குழந்தைகள் நாள் முழுக்க வேலை செய்வதை அது பதிவு செய்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் சொன்னது. அதன் பிறகுதான் 1933-ல் குழந்தைகளின் உழைப்பை அடமானம் வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. யோசிச்சுப் பாருங்க. "பிள்ளையை அடகு வைக்காதே" என்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1958-ல் மெட்ராஸ் மாநிலம் பீடிப் பட்டறைகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. 1966-ல் மத்திய அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டம் கொண்டு வந்தது. வேலை நேரம், விடுமுறை, காற்றோட்டம், மகப்பேறு உதவி எல்லாம் அதில் இருந்தது. முதலாளிகள் சிலர் என்ன செய்தாங்க? பட்டறையையே மூடிட்டாங்க. 1968-ல் வட கேரளத்தில் அப்படி மூடியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களைக் கொண்டு 1969-ல் கண்ணூரில் தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது ஒரு அபூர்வமான முடிவு.

பெரும்பாலான இடங்களில் நடந்தது வேற. வேலை வீட்டுக்குப் போனது. ஏஜென்ட் இலையும் தூளும் நூலும் கொடுப்பார். வீட்டில் இருக்கும் பெண் மடியில் முறத்தை வைத்து, இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கொண்டு போய்க் கொடுப்பார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்து வைத்தால் அதுக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பத்தலைன்னா தன் காசில் வாங்கிப் போடணும். மதுரைக்குத் தெற்கே மேலப்பாளையம், முக்கூடல், தென்காசி, கடையநல்லூர் பக்கம் போனால் இந்தக் காட்சி இன்னைக்கும் திண்ணையில் இருக்கும்.

வீட்டில் சுருட்டுபவரும் தொழிலாளிதான் என்று 1966 சட்டமே சொன்னது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. 1976-ல் நல நிதி வந்தது. அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மருத்துவமனைகள் எல்லாம் வந்தன. அதெல்லாம் உண்மை. ஆனா பட்டறையில் இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்க்கலாம், ஜன்னலை எண்ணலாம். திண்ணையில் எதை எண்ணுவார்? தூசி அடுப்படி வரைக்கும் வருது. தொட்டில் பக்கத்திலேயே புகையிலைத் தூள் இருக்கு. முதுகு வலி, இருமல், கண் எரிச்சல் எல்லாம் அவங்க கணக்கு.

நேயரின் கேள்விக்கு வர்றேன்

வீட்டில் பைப்பை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருந்தார். ஷோகேஸில் இருக்கும் பைப்புக்குப் பதில் ரொம்ப சிம்பிள்: ஈரம் படாமல், பூச்சி ஏறாமல், காற்றோட்டமா வைங்க. பற்றவைக்காமல் விட்டால் நூறு வருஷம் இருக்கும்.

நம்ம ஊரில் ஏன் பைப் இல்லை என்பதற்கு என் பதில் இதுதான். நம்ம சமவெளி, பராமரிப்பே வேண்டாத ஒரு பொருளைக் கண்டுபிடிச்சு, அதுக்கு ஒரு பெயரையும் கொடுத்து, அந்தப் பெயரை உலகத்துக்கும் கொடுத்தது. அது பெருமைதான். ஆனா மிசூரியில் ஒருத்தர் தன் வீட்டில் உட்கார்ந்து தன் பைப்பைத் துடைக்கிறார். இங்கே இன்னொருத்தருடைய புகைக்காக ஒரு அம்மா தன் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் பைப் செய்து கொடுக்கிறாங்க. ரெண்டும் வீட்டு வேலைதான். பில் மட்டும் ஒரே ஆளுக்கு வரலை.

நம்ம துறையிலும் தினமும் கேட்கிறோம்: "இது ஜீரோ மெயின்டெனன்ஸ் சார்." அடுத்த தடவை அப்படி யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. யாருக்கு ஜீரோ?

உங்க வீட்டிலோ ஊரிலோ சுருட்டுப் பட்டறையில் வேலை செய்தவங்க, பீடி சுற்றினவங்க இருந்தா, அவங்க குரலைப் பதிவு செய்து அனுப்புங்க. அவங்க சம்மதத்தோடு ஒரு தனி எபிசோடா போடலாம். அடுத்த வாரம் திண்டுக்கல்லின் இன்னொரு பொருளான பூட்டைத் திறக்கலாம்.